நான்கு விசைகளும் ஒரு மனிதரும்: பேராசிரியர் அப்துஸ் ஸலாம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. மழைக்காலத்தில் மலையைப் பார்த்துக்கொண்டே தூங்கப்போகும் ஊவா மக்களுக்குப் புவியீர்ப்பின் வலிமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பௌதிகவியல் சொல்வது வேறு. இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளில் மிகப் பலவீனமானது ஈர்ப்புதான். சிறு காந்தமொன்று குண்டூசியைத் தூக்கும்போது, முழுப் பூமியின் இழுப்பையும் அது வென்றுவிடுகிறது.

அப்படியானால் மலை எப்படிச் சரிகிறது? மின்னேற்றங்களில் நேர், மறை என இரண்டு உண்டு. அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஈர்ப்புக்கு இழுக்க மட்டுமே தெரியும். அது சிறிது சிறிதாகச் சேர்ந்து மலையளவு ஆகிறது. மற்றைய இரண்டும் அணுக்கருவுக்குள் இயங்குபவை: கருவைக் கட்டிவைக்கும் வன்விசை, சில அணுக்கள் சிதைவதற்குக் காரணமான மென்விசை.

இந்த நான்கும் ஒரே விசையின் வெவ்வேறு தோற்றங்களா? இக்கேள்வியோடு வாழ்ந்தவர் அப்துஸ் ஸலாம்.

1926 ஜனவரி 29இல் பிறந்த அவர், பஞ்சாபின் ஜங் என்ற சிற்றூரில் வளர்ந்தார். தந்தை கல்வித் திணைக்கள ஊழியர். 14 வயதில் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் அதுவரை எவரும் பெறாத புள்ளிகளைப் பெற்றார். 1946இல் புலமைப்பரிசில் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றது.

1951இல் தாயகம் திரும்பி லாஹூரில் கற்பித்தார். அங்கே ஆய்வைப் பற்றிப் பேச ஆளில்லை. கல்லூரி அவரிடம் ஒப்படைத்த மேலதிகப் பொறுப்பு உதைபந்தாட்ட அணி! நாடா, ஆய்வா என்ற நிலையில் 1954இல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். 1957இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார்.

மின்காந்த விசையும் மென்விசையும் அடிப்படையில் ஒன்றே என்ற கோட்பாட்டை அவரும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் தனித்தனியே உருவாக்கினர். ஷெல்டன் கிளாஷோ அதற்கு முன்னரே வழியைத் தொடங்கியிருந்தார். 1979இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஷெர்வானியும் தலைப்பாகையும் அணிந்து சென்ற ஸலாம், விருந்துரையில் படைப்பில் குறை காண முடியாமை பற்றிய ஸூரா அல்-முல்க் வசனங்களை நினைவூட்டினார். அக்கோட்பாடு முன்கூறிய துகள்கள் 1983இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்டன.

அவர் அஹ்மதிய்யா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் பாகிஸ்தான் அப்பிரிவினரை முஸ்லிமல்லாதோர் எனச் சட்டமாக்கியபோது, அரசின் விஞ்ஞான ஆலோசகர் பதவியைத் துறந்தார். அகீதா விடயத்தில் உலமாக்களின் நிலைப்பாடு நம் வாசகர்கள் அறிந்ததே. ஆனால் ஒருவரின் கொள்கையை ஏற்காமலிருப்பது வேறு, அவர் விட்டுச்சென்ற அறிவைக் கற்காமலிருப்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால் நட்டப்பட்டவர்கள் நம் பிள்ளைகளே.

லாஹூரில் பட்ட தனிமையை ஸலாம் மறக்கவில்லை. 1964இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையத்தை அமைத்தார். வறிய நாட்டு விஞ்ஞானி தன் நாட்டிலேயே பணியாற்றலாம். அவ்வப்போது அங்கே வந்து சில வாரங்களோ மாதங்களோ ஆய்வு செய்து திரும்பலாம். தனக்குக் கிடைக்காத வாய்ப்பைப் பிறருக்கு உண்டாக்கியதே அவரது பெரிய சாதனை என்பேன்.

ஈர்ப்பை ஏனைய விசைகளோடு இணைக்கவும் அவர் முயன்றார். அது கைகூடவில்லை. 1996 நவம்பர் 21இல் ஒக்ஸ்போர்டில் காலமானார். அந்தக் கேள்விக்கு இன்றும் விடையில்லை.

அதற்கு விடை தேடக்கூடிய பிள்ளை ஹாலிஎலயிலோ வெலிமடையிலோ, ஏதேனும் ஒரு தோட்ட லயனிலோ இருக்கலாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்க ஆசிரியர் இல்லாமல், அப்பிள்ளை விருப்பமில்லாத பாடத்துக்கு மாறிக்கொண்டும் இருக்கலாம். பதுளையின் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தோட்டப் பாடசாலைகளோடு கைகோத்து, வார இறுதியில் ஒரு நல்ல பௌதிகவியல் ஆசிரியரை வரவழைத்தால் போதும். சிறிது சிறிதாகச் சேர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பது மலையடிவாரத்தில் வாழும் நமக்குத் தெரியாததல்ல.