வெற்றியை வகுத்தவர் – லாசர் கார்னோ

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தை எண்ணும்போது நெப்போலியனின் பெயரே பலர் நினைவில் முந்தி நிற்கும். அவர் வென்ற களங்களும் வீழ்ந்த களமும் பள்ளிப் பாடங்களிலேயே நமக்கு அறிமுகமானவை. ஆயினும், அம்மாவீரர் கையில் எடுத்த வாளை உலையிலிட்டு வடித்துத் தந்தவர் வேறொருவர். அவர் கணிதம் வல்லவர். கவிதையிலும் நாட்டம் உடையவர். போர்க்களத்தில் நின்று பெற்ற வெற்றியைவிட எழுதுமேசையின் முன்னமர்ந்து பெற்ற வெற்றிகளே அவருக்கு மிகுதி. லாசர் கார்னோ என்னும் அப்பெருமகனாரை வெற்றியை வகுத்தவர் என்றே பிரெஞ்சு நாடு போற்றி வருகிறது.

அவர் வாழ்வை ஆராய்வோர் முன் இரண்டு செயல்கள் எதிரெதிராக வந்து நிற்கின்றன. ஒன்று, 1794இல் அவர் இட்ட கையொப்பம்; மற்றொன்று, 1804இல் அவர் கூறிய மறுப்பு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால்தான் அவரை முழுமையாக அறிய இயலும்.

பர்கண்டிப் பகுதியின் நோலே என்னும் சிற்றூரில் 1753ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கார்னோ பிறந்தார். தந்தையார் சட்டத் தொழில் புரிந்தவர். மெசியேர் நகரின் படைப் பொறியியல் பள்ளியில் பயின்று பொறியாளர் படையில் சேர்ந்தார் இளைஞர் கார்னோ. உயர்குடியில் பிறவாத அதிகாரி ஒருவர் கேப்டன் பதவிக்கு மேல் ஏறுவது அரிதாக இருந்த காலம் அது. பதவி தராத நிறைவை அவர் அறிவில் தேடினார். இயந்திரங்களைப் பற்றிய ஆய்வு நூலொன்றை 1783இல் வெளியிட்டார். கோட்டைக் கலையில் பேர்பெற்ற வோபானைப் போற்றி அவர் எழுதிய கட்டுரை 1784இல் திழோன் கழகத்தின் பரிசைப் பெற்றது.

ஆராஸ் நகரில் பணியாற்றியபோது ரொசாட்டி என்னும் இலக்கிய வட்டத்தில் அவர் உறுப்பினரானார். ரோசாமலரையும் நட்பையும் பாடிக் களிப்பதற்கென்று நண்பர்கள் கூடிய மன்றம் அது. அங்கே அவருடன் அமர்ந்து கவிதை சுவைத்தவர்களுள் ஓர் இளம் வழக்கறிஞரும் இருந்தார். அவரே பின்னாளில் பிரான்சையே நடுங்கச் செய்த ரொபெஸ்பியேர்! ஒரே மன்றத்தில் பாடல் கேட்ட இருவரும் சில ஆண்டுகளுக்குள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து மக்களின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்யும் நிலை வந்தது.

1791இல் சட்டமன்றத்திற்கும், 1792இல் தேசியப் பேரவைக்கும் கார்னோ தேர்ந்தெடுக்கப்பட்டார். 1793 சனவரியில் மன்னர் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை விதிக்க வாக்களித்தோருள் அவரும் ஒருவர். அவ்வாண்டுக் கோடையில் குடியரசு நாற்புறமும் பகை சூழ நின்றது. ஆஸ்திரியா, பிரஷ்யா, பிரிட்டன், ஸ்பெயின் ஆகியவை எல்லைகளை நெருக்கின, உள்நாட்டிலோ கலகம். ஆகஸ்டு 14ஆம் நாள் பொதுப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்த கார்னோ படைத்துறைப் பொறுப்பை ஏற்றார். அம்மாதம் 23ஆம் நாள் நாட்டு மக்கள் அனைவரையும் போருக்கு அழைக்கும் ஆணை பிறந்தது. இளைஞர் களம் புகவும், மணமானோர் படைக்கலம் செய்யவும், பெண்டிர் கூடாரமும் உடையும் தைக்கவும் அந்த ஆணை வகை செய்தது.

ஆள் திரட்டுவது எளிது. திரண்ட கூட்டத்தைப் படையாக்குவதே அரிது. பழைய அரசின் பயிற்சி பெற்ற வீரரையும் புதிய தொண்டரையும் ஒரே பிரிவில் கலந்து அமைக்கும் பணியை அவர் விரைவுபடுத்தினார். உணவும் வெடிமருந்தும் காலணியும் உரிய களத்திற்கு உரிய நாளில் சென்று சேர வழி கண்டார். சிதறி நின்று எல்லை காக்கும் பழைய முறையைக் கைவிட்டு, தேர்ந்த ஓரிடத்தில் பெரும்படையைக் குவித்துத் தாக்குமாறு தளபதிகளுக்கு ஓயாமல் எழுதினார்.

எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. வடக்கு எல்லையிலுள்ள மோபேஜ் கோட்டையை ஆஸ்திரியர் முற்றுகையிட்டிருந்தனர். அதனை மீட்க, தளபதி ஜூர்தானுடன் கார்னோவும் சென்றார். 1793 அக்டோபர் 15ஆம் நாள் நடந்த முதல் தாக்குதல் தோல்வியில் முடிந்தது. அன்றிரவே வலப்பக்கத்திற்குப் படைகள் மாற்றப்பட்டன. மறுநாள் வத்தீன்யி மேட்டின்மீது ஏறிய அணிகளோடு அவரும் நடந்து சென்றார். மேடு வீழ்ந்தது, முற்றுகை கலைந்தது. அதே அக்டோபர் 16ஆம் நாள்தான் பாரிசில் அரசி மரி அந்துவானெத் கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். எல்லையில் வீரமும் தலைநகரில் குருதியுமாக அப்புரட்சி நடந்ததற்கு இந்த ஒரு நாளே போதிய சான்று. 1794 சூன் 26ஆம் நாள் ஃப்ளூரூசில் ஜூர்தான் பெற்ற வெற்றி பெல்ஜிய நிலத்தைப் பிரெஞ்சுப் படைக்குத் திறந்துவிட்டது.

வெற்றிக்குத் தந்த விலை என்ன? குழுவின் ஆணைகளில் உறுப்பினர் பலரும் கையொப்பமிடுவது வழக்கம். படை ஆணைகளில் இட்ட அதே கையால், மக்களைச் சிறைக்கும் கொலைக்கருவிக்கும் அனுப்பிய ஆணைகளிலும் கார்னோ கையொப்பமிட்டார். 1794 மார்ச்சு இறுதியில் தாந்தோனைக் கைது செய்யும் ஆணையிலும் அவர் பெயர் இருக்கிறது. குழுவிலேயே லிந்தே என்பவர் அதில் கையொப்பமிட மறுத்தார் என்பதையும் வரலாறு பதிந்து வைத்துள்ளது. எனவே, மறுக்க வழியே இல்லை என்று கார்னோவுக்காக வாதாட இயலாது. பணி மிகுதியால் ஒருவர் ஆணையை மற்றவர் படியாமலே ஒப்பமிட்டதாகப் பின்னர் கூறப்பட்ட விளக்கமும் உயிரிழந்தோர்முன் நிற்காது.

சூலையில் ரொபெஸ்பியேர் வீழ்ந்தார். அடுத்த ஆண்டு பழைய குழுவினரைக் கைது செய்யுமாறு பேரவையில் குரல் எழுந்தபோது, வெற்றியை வகுத்தவரையுமா சிறைப்படுத்துவது என்று ஓர் உறுப்பினர் எழுப்பிய வினாவே கார்னோவைக் காத்தது. 1795இல் ஐவர் ஆட்சிக் குழுவில் அவர் இடம்பெற்றார். 1796இல் இத்தாலியப் படைக்கு இளைஞர் போனபார்ட்டை அனுப்பிய முடிவில் அவருக்கும் பங்குண்டு. 1797 செப்டம்பரில் ஆட்சிக் கவிழ்ப்பு நிகழ்ந்தது. கார்னோ அயல்நாட்டிற்குத் தப்பினார். அறிவியற் கழகத்தில் அவர் வகித்த இடம் வெறுமையாக்கப்பட்டது. அந்த இடத்திற்கு அவ்வாண்டு டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதே போனபார்ட்!

போனபார்ட் ஆட்சிக்கு வந்ததும் தாயகம் திரும்பிய கார்னோ, 1800இல் சில மாதங்கள் போர் அமைச்சராக இருந்தார். பின்னர்த் திரிபுனா என்னும் மன்றத்தின் உறுப்பினரானார். 1802இல் போனபார்ட்டை வாழ்நாள் தலைவராக்கும் முன்மொழிவை எதிர்த்து வாக்களித்தார். 1804இல் அவரைப் பேரரசராக்கும் முன்மொழிவு வந்தபோது, அம்மன்றத்தில் எதிர்த்துப் பேசியவர் கார்னோ ஒருவரே. நாட்டைக் காத்தவருக்கு நன்றி செலுத்த நாட்டின் உரிமையையே விலையாகக் கொடுக்கலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். பத்தாண்டுகளுக்கு முன் பலரோடு சேர்ந்து ஒப்பமிட்ட கை, இப்போது தனியே உயர்ந்து மறுத்தது. மறுத்தவர் சதி செய்யவில்லை. சட்டமானபின் அதற்குப் பணிந்து, அரசியலினின்று விலகிக் கணிதத்தில் ஆழ்ந்தார்.

பேரரசு செழித்திருந்தபோது விலகி நின்றவர் அது சரிந்தபோது முன்வந்தார். 1814 சனவரியில், பகைவர் பிரான்சுக்குள் புகுந்த வேளையில், அறுபது வயதுக் கார்னோ தம் சேவையை நெப்போலியனுக்கு அளித்துக் கடிதம் எழுதினார். ஆண்ட்வெர்ப் கோட்டையின் காவல் அவருக்குத் தரப்பட்டது. முற்றுகைக் காலத்தில் கோட்டைக்கு வெளியே உள்ள குடியிருப்புகளை இடித்துத் தள்ளுவது போர் மரபு. போர்கர்ஹௌட் புறநகரை அவ்வாறு அழிக்காமல் அவர் காத்தார். நன்றி மறவாத அம்மக்கள் தங்கள் தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டினர். நெப்போலியன் முடிதுறக்கும்வரை கோட்டை பகைவர் கைக்குச் செல்லவில்லை.

1815இல் நெப்போலியன் மீண்டு வந்து ஆண்ட நூறு நாட்களில் கார்னோ உள்துறை அமைச்சரானார். அக்குறுகிய காலத்தில் அவர் கருத்து ஏழைக் குழந்தைகளின் கல்வியின்மேல் சென்றது. மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைப் பாரிசில் தொடங்க ஏப்ரல் மாதத்தில் ஆணை பெற்றார். இங்கிலாந்தில் அம்முறையைப் பரப்பிய இருவருள் ஒருவரான ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரின் ஆதரவற்றோர் பள்ளியில் அதனை வளர்த்தெடுத்தவர். மணலில் விரலால் எழுதிப் பயின்ற நம் நாட்டுச் சிறுவரைக் கண்டு கற்றவர். நம் திண்ணைப் பள்ளியின் மணல் இவ்வாறு கார்னோவின் ஆணைவரை சென்றது எண்ணி மகிழத்தக்கது.

வாட்டர்லூவுக்குப் பின் முடியாட்சி திரும்பியது. புரட்சியிலும் பேரரசிலும் தம்மோடு பதவி வகித்த ஃபூஷே, புதிய மன்னரின் அமைச்சராகித் தயாரித்த நாடுகடத்துவோர் பட்டியலில் கார்னோவின் பெயரையும் சேர்த்தார். வார்சாவிலும் பின்னர் மாக்டபர்க்கிலும் வாழ்ந்த கார்னோ, 1823 ஆகஸ்டு 2ஆம் நாள் மாக்டபர்க்கிலேயே மறைந்தார். பாரசீகக் கவிஞர் சாதியின் நினைவாகப் பெயரிடப்பட்ட அவர் மூத்த மகன் சாதி கார்னோ, மறு ஆண்டு வெளியிட்ட சிறு நூல் வெப்ப இயக்கவியல் என்னும் அறிவியலுக்கு அடித்தளமாயிற்று. 1889இல், பேரர் ஒருவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, கார்னோவின் எச்சங்கள் பாரிசின் பாந்தியோனில் வைக்கப்பட்டன.

கார்னோ குற்றமற்றவர் அல்லர். அவர் கையொப்பத்தால் மாண்டோர் அதற்குச் சான்று. ஆனால் வலியோர் முன் கைகட்டி நிற்பதே வழக்கமான ஒரு காலத்தில், தம்மால் உயர்ந்த ஒருவரையே தனித்து நின்று மறுத்தார்; அவர் வீழ்ந்தபோது பகை பாராட்டாமல் நாட்டுக்காக அவருக்குத் துணை நின்றார். படைகளை வகுத்துப் பெற்ற வெற்றிகள் அவர் காலத்திலேயே கைவிட்டுப் போயின. 1804இன் அந்த ஒற்றைக் குரல் இன்றும் அவர் பெயரோடு நிற்கிறது.