மனோவைத்தியர் பனான்

உடல் நோயைத் தீர்க்க வரும் வைத்தியன் நோயாளியின் பாஷையை அறியாதவனாயிருப்பினும் நாடி பார்த்து மருந்து கொடுத்துவிடக் கூடும். மனநோயைத் தீர்க்க வருபவனுக்கு அது இயலாது. நோயாளி எதற்கு அஞ்சுகிறான், எதற்கு வெட்கப்படுகிறான், எதை மானமென்று மதிக்கிறான் என்பவற்றை அறியாதவன் எத்துணை நூல் கற்றும் பயனில்லை. இவ்வுண்மையைத் தம் தோல்வியின் மூலமே கற்று, அத்தோல்வியை ஒளியாமல் எழுதி வைத்தவர் பிரான்ட்ஸ் பனான். அல்ஜீரிய விடுதலைப் போரின் பிரசாரகராகவே அவரை உலகம் பெரிதும் அறியும். வைத்தியசாலையிலிருந்து அவர் ராஜீயத்துக்கு வந்த வழியையும் தேசத்தொண்டர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

பனான் 1925-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி, மேற்கிந்தியத் தீவுகளில் பிரஞ்சுக் குடியேற்றமாயிருந்த மார்ட்டினிக்கில் பிறந்தார். அத்தீவின் மக்களிற் பெரும்பாலார், கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் சந்ததியார். பிரான்ஸே தாய்நாடென்று பள்ளியிற் கற்பிக்கப்பட்ட அவ்வாலிபர், ஹிட்லரிடமிருந்து அந்நாட்டை மீட்கும் படையில் தாமே முன்வந்து சேர்ந்தார். 1944-ல் காயமுற்று வீரப்பதக்கமும் பெற்றார். ஆயினும் படையிலும் நகரிலும் அவருடைய தோலின் நிறமே முதலிற் கவனிக்கப்பட்டது. லியோன் நகரில் வைத்தியம் பயின்ற காலத்தில் இந்தப் புண்ணை அவர் மறைக்கவில்லை, ஆராயத் தொடங்கினார். அதன் பயனாகக் கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள் என்னும் நூல் 1952-ல் வெளிவந்தது. ஒருவன் தன்னையே இழிந்தவனென்று எண்ணும்படி செய்துவிட்ட சமூகத்தை விட்டுவிட்டு, அவனை மட்டும் நோயாளியென்று சொல்லுதல் பொருந்தாது என்பதே அதன் சாரம்.

அவ்வருஷமே, பிரான்ஸில் கூலி வேலை செய்துவந்த வட ஆப்பிரிக்கரைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். உடலெங்கும் வலியென்று வருவான் தொழிலாளி. சோதித்தால் உறுப்புக்களில் பழுது தென்படாது. பாசாங்கு என்று அவனைத் திருப்பிவிடுவர் வைத்தியர். மனைவி மக்களைப் பிரிந்து, மதிப்பாரின்றி, அன்னிய நகரில் ஒதுங்கிக் கிடப்பவனது வாழ்வே அவ்வலியாக வெளிப்படுகிறதென்பதைப் பனான் எடுத்துக் காட்டினார்.

பின்னர், பிராங்கோவின் கொடுமைக்குத் தப்பி ஸ்பெயினிலிருந்து வந்திருந்த தொஸ்கெல் என்னும் அறிஞரிடம் பயின்றார். மனோவியாதியஸ்தரைக் குணப்படுத்து முன் அவர்கள் அடைபட்டிருக்கும் ஆஸ்பத்திரியைக் குணப்படுத்த வேண்டும், அது சிறை போலன்றிச் சிறு சமுதாயம் போல் நடைபெற வேண்டும் என்பது தொஸ்கெலின் கொள்கை.

1953 நவம்பரில் பனான் அல்ஜீரியாவுக்கு வந்து, பிளிதா நகரத்து மனோவைத்திய ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவின் தலைவரானார். அல்ஜியர்ஸ் சர்வகலாசாலையில் அன்று செல்வாக்குப் பெற்றிருந்த கொள்கை வேறு. சுதேசியின் மூளை வளர்ச்சியிற் குறைந்தது, அவன் இயல்பிலேயே பொய்யன், மூர்க்கன் என்று பேராசிரியர் போரோவும் அவர் சிஷ்யர்களும் போதித்து வந்தனர்.

பனானின் பொறுப்பில் ஐரோப்பியப் பெண்கள் சுமார் 165 பேரும், முஸ்லிம் ஆண்கள் சுமார் 220 பேரும் இருந்தனர். இரு சாராரிடத்தும் ஒரே முறையைக் கையாண்டார்: கூட்டம், பத்திரிகை, நாடகம், சங்கீதம், கைத்தொழில், பண்டிகை. சில மாதங்களுக்குள் பெண்கள் பகுதி உயிர் பெற்றது. ஆண்கள் பகுதியோ அசையவில்லை. கூட்டத்துக்கு அழைத்து வரப்பட்டோர் வாய் திறவாது அமர்ந்திருந்தனர்.

போரோவின் சிஷ்யராயின், சுதேசியின் மூளையே காரணமென்று சொல்லி முடித்திருப்பார். பனான் குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். தம் மாணவர் அஸுலேயுடன் சேர்ந்து 1954-ல் வெளியிட்ட கட்டுரையில் அதை விவரமாகச் சொன்னார். நோயாளிகளிடம் அவர் துபாஷி மூலம் பேசினார். அம்மக்கள் துபாஷியை முன்னர்க் கண்டதோ கோர்ட்டிலும் போலீஸாரிடத்திலும். அழுகையும் வெட்கமும் அத்தகையவன் நாவில் ஏறி வருமோ? பத்திரிகை நடத்தினார், அவர்களிற் பெரும்பாலார் எழுத்தறியாதவர். கூடை முடையச் சொன்னார். அவர்கள் ஊரில் அது பெண்கள் வேலை. கிறிஸ்துமஸ் கொண்டாடினார்; அது அவர்கள் பண்டிகையன்று.

ஆகவே முறையை மாற்றினார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே அந்நாட்டு வழக்கப்படி ஒரு காப்பிக் கடை ஏற்பட்டது. இஸ்லாமியப் பண்டிகைகள் உரிய நாட்களில் நடந்தன. பரம்பரையாகக் கதை சொல்பவர் வரவழைக்கப்பட்டார். உழவர் கையில் மண்வெட்டி கொடுக்கப்பட்டது. தமக்குப் பொருளுள்ள உலகம் திரும்பியதும் அம்மனிதரின் மௌனமும் கலையத் தொடங்கிற்று.

1954 நவம்பர் 1-ந் தேதி விடுதலைப் போர் மூண்டது. சித்திரவதைக்குள்ளானவரும், சித்திரவதை செய்த போலீஸாரும் பனானிடமே சிகிச்சைக்கு வந்தனர். ஒரு நாள் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு போலீஸ்காரன், தன்னால் வதைக்கப்பட்டவனை எதிரில் கண்டான்; கண்டதும் நடுங்கி மரத்தின்மேற் சாய்ந்துவிட்டான். மற்றவனோ, தன்னைப் பிடித்துச் செல்லவே வந்திருக்கிறார்களென்று பயந்து தற்கொலைக்கு முயன்றான். வேறொரு போலீஸ் அதிகாரி வீட்டில் மனைவி மக்களை அடித்து வதைத்தார். வதைக்கும் உத்தியோகத்தை விட அவருக்கு மனமில்லை. மனச்சாட்சி உறுத்தாமல் அதைச் செய்ய உதவ வேண்டுமென்றார். உணர்ச்சியை அடக்கித் தருவது மாத்திரமே மனோவைத்தியமாயின், இவருக்கு மருந்து கொடுத்தல் வைத்தியன் கடமையாகிவிடும்! அத்தகைய மருந்து கொடுமைக்கே துணை செய்யுமென்பதில் ஐயமுண்டோ?

1956-ல் பனான் ராஜினாமாச் செய்தார். மனிதன் தன் சூழலில் அன்னியனாயிராதபடி செய்வதே மனோவைத்தியத்தின் நோக்கமாயிருக்க, அராபியனைச் சொந்த நாட்டிலேயே அன்னியனாக்கும் ஆட்சியின் கீழ் அத்தொழில் நடவாதென்று பிரஞ்சு மந்திரிக்கு எழுதினார். 1957 ஜனவரியில் நாடு கடத்தப்பட்டார். டூனிஸில் விடுதலை இயக்கத்தின் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே வைத்தியத்தையும் விடாது நடத்தினார். நோயாளிகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் மனோவைத்தியசாலை ஒன்றை அங்கு அமைத்தார். 1960-ல் கானாவில் இயக்கத்தின் தூதரானார். அதன்பின் இரத்தப் புற்றுநோய் பற்றிக்கொண்டது.

மரணம் நெருங்குவதை அறிந்தே, பூமியில் சபிக்கப்பட்டோர் என்னும் கடைசி நூலை 1961-ல் விரைந்து முடித்தார். அடிமை மக்கள் பலாத்காரத்தால் தம் மானத்தை மீட்பர் என்று அதிற் சொன்னதற்காக அவரைப் போற்றுவோருமுண்டு, தூற்றுவோருமுண்டு. அவ்விரு சாராரும் நூலின் கடைசிப் பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும். சுதந்தரம் பெற்றுவிட்ட ஓர் ஆப்பிரிக்க நாட்டின் தொண்டர் ஒருவர் அதில் வருகிறார். இயக்கத்தின் உத்தரவுப்படி அவர் வைத்த குண்டினால் பத்துப் பேர் மாண்டனர். அச்செயலை அவர் ஒருபோதும் மறுதலிக்கவில்லை. ஆயினும் வருஷந்தோறும் அத்தேதி நெருங்கியதும் தூக்கம் போய்விடும், மனம் கலங்கும். தம் கட்சிக்குச் சங்கடமான இந்த உண்மையையும் பனான் மறைக்கவில்லை.

1961 டிசம்பர் 6-ந் தேதி, அமெரிக்காவில் வாஷிங்டன் அருகேயுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் 36-வது வயதில் அவர் காலமானார். அவர் உடலை விடுதலைப் படையினர் டூனிஸியா எல்லையைக் கடந்து கொண்டுசென்று அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்தனர். 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்தரம் பெற்றது. பிளிதா ஆஸ்பத்திரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஜனங்களிடம் பேசச் செல்லும் தொண்டன், கூட்டம் மௌனமாயிருக்கக் கண்டால் அவர்களை மூடரென்று இகழ்வது எளிது. அத்தருணத்தில் பிளிதாவின் காப்பிக் கடையை நினைத்துக்கொள்வானாக. நாம் கொண்டுசென்ற பேச்சில் அவர்கள் வாழ்வு இருந்ததா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். தேசத்தின் கட்டு அறுந்த பின்னரும் மனிதர் மனத்தில் ஆறாத புண்கள் இருக்குமென்பதையும், அவற்றை ஆற்றுதலும் தேசத்தொண்டே என்பதையும் நாம் மறத்தலாகாது.