வழு எங்கே பிறக்கிறது? – கிரேஸ் ஹொப்பர் அம்மையார்

1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தவர் கிரேஸ். ஏழு வயதிலேயே வீட்டிலிருந்த அலாரம் மணிக்கூடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிப் பார்த்தவராம். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, வசார் கல்லூரியில் கற்பித்தார். போர்க்காலத்தில் கடற்படையில் சேரப் போனபோது வயது கூட, எடை குறைவு என்றார்கள். அவர் விடவில்லை. 1944இல் ஹார்வர்டின் மார்க் 1 கணினிக்கு அனுப்பப்பட்டார்.

1947இல் மார்க் 2 கணினிக்குள் அந்துப்பூச்சி அகப்பட்ட கதையை நாம் அறிவோம். அதைப் பிடித்தவர் ஹொப்பர் என்றே பலர் எழுதுகிறார்கள். உண்மையில் பிடித்தவர்கள் உடன் வேலை செய்தவர்கள். கதையை ஊரறியச் சொன்னவர்தான் இவர். என் பார்வையில் அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது.

அக்காலத்தில் சரியாக இயங்கிய செய்நிரல் துண்டுகளைக் கொப்பியில் எழுதி வைத்து, தேவையானபோது பார்த்தெழுதுவார்கள். புதிய இடத்தில் வைக்கும்போது முகவரி எண்களையும் கூட்டி மாற்ற வேண்டும். கூட்டலில் பிழை வந்தது. பார்த்தெழுதுகையில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து 13 ஆகிவிட்டது. கொழுந்து நிறுத்த கணக்கைச் செக்ரோலில் ஏற்றும்போது ஓர் இலக்கம் மாறினால் என்ன நடக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. சம்பள நாளில்தான் குறைவு தெரியும். எந்த நாளில், எந்த மலையில் எடுத்த கொழுந்தில் பிழைத்தது என்று அந்தத் தொகை சொல்லாது.

ஹொப்பர் யாரையும் திட்டவில்லை. பார்த்தெழுதும் வேலையையே கணினியிடம் கொடுத்தார். 1952இல் ஏ-0 என்ற கம்பைலர் பிறந்தது. கணினியாவது செய்நிரல் எழுதுவதாவது என்று முதலில் பலர் நம்பவில்லை.

அடுத்து, ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுதும் முறையைக் காட்டினார். அதே சொற்களைப் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் மாற்றி இயக்கியும் காட்டினார். மேலதிகாரிகள் மிரண்டு போனார்கள். அமெரிக்கக் கணினிக்கு அந்நிய மொழி எப்படி விளங்கும் என்று கேட்டார்கள். கணினிக்கு ஆங்கிலமும் அந்நியம்தான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை! திட்டம் ஆங்கிலத்தோடு நின்றது. அதிலிருந்து ஃப்ளோ-மேட்டிக்கும், அதன் வழியில் கோபோலும் வந்தன.

1986இல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதலாம் திகதி காலமானார்.

இன்று உயர்தரத்தில் நாம் படிக்கும் பைதன் இன்டர்பிரிட்டர், வழு கண்ட வரியின் எண்ணையும் வழுவின் வகையையும் சொல்லி நிற்கிறது. செய்தியோ ஆங்கிலத்தில். தமிழ்மொழி மூலம் படிப்பவள் முதலில் அகராதியைத் தேடுகிறாள், வழு பிறகுதான். பைதனிலேயே எழுதப்பட்ட ‘எழில்’ என்ற இன்டர்பிரிட்டர் தமிழ்க் கட்டளைகளை ஏற்று இயங்குகிறது. பிரெஞ்சுக்கு ஹொப்பர் செய்து காட்டியதும் இதே சொல்மாற்றம்தான். வழுச் செய்திகளையும் அப்படியே, வரி எண்ணோடு, நம் தமிழில் எழுதலாம். அதற்குப் புதிய கணினி தேவையில்லை.