மியாசவா கென்ஜி

அறம் துறவியர்க்கு உரியது, பொருள் இல்லறத்தார்க்கு உரியது என எண்ணுவார் பலர். அவ்விரண்டையும் வயல்வரப்பிலே ஒன்றுசேர்க்க முயன்ற பெரியார் ஒருவர் ஜப்பான் நாட்டில் வாழ்ந்தார். அவரே கவிஞர் மியாசவா கென்ஜி.

ஜப்பானின் வடகிழக்கில் இவாதே என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே ஹனமாகி என்னும் ஊரில் 1896ஆம் ஆண்டு கென்ஜி பிறந்தார். அந்நாட்டு மண் புளிப்புத் தன்மை மிக்கது. கோடையிற் குளிர்காற்று வீசினால் நெல் விளையாது போகும். அக்காலங்களில் உழவர் தம் உடைமைகளை அடகு வைத்து உயிர் வாழ்ந்தனர். கென்ஜியின் தந்தையார் அடகுக்கடை நடத்திவந்தார். ஏழையர் தயங்கித் தயங்கி வந்து பொருளை நீட்டும் காட்சி, கடையில் அமர்ந்த இளைஞரின் நெஞ்சைச் சுட்டது. தாம் உண்ணும் சோறு பிறர் வறுமையால் வந்ததன்றோ என்று அவர் வருந்தினார்.

புத்த சமயப் பற்றுடைய குடும்பத்தில் வளர்ந்த கென்ஜி, இளமையிலேயே தாமரைச் சூத்திரத்தைக் கற்று, அதனை வாழ்வின் ஒளியாகக் கொண்டார். புலால் உண்பதைத் தவிர்த்தார். மொரியோகா நகர வேளாண்மைக் கல்லூரியில் மண்ணின் இயல்பை ஆராய்ந்தார். பின்னர், 1921இல் தம் ஊரின் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியரானார். மாணவரை உழச் சொல்லித் தாம் மட்டும் சம்பளம் பெற்று வாழ்தல் முறையன்று எனக் கருதி, 1926இல் அப்பணியை விடுத்தார்.

ஊர்ப்புறத்து வீடொன்றில் தனியே தங்கி, ஆற்றங்கரை நிலத்தைத் தம் கையால் கொத்திப் பயிரிட்டார். அவ்வாண்டே இளம் உழவரைச் சேர்த்து, ராசு சங்கம் ஒன்றை நிறுவினார். அங்கே மண்ணியலும் உரவியலும் கற்பிக்கப்பட்டன. இசையும் எஸ்பெராந்தோ மொழியும் பயிலப்பட்டன. உறுப்பினர் தம் பொருள்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ளவும் அவர் வழிவகுத்தார். உழவர் கொணர்ந்த நிலக்குறிப்புகளை ஆய்ந்து, ஏறத்தாழ 2,000 உரத் திட்டங்களைக் கூலி பெறாமல் எழுதித் தந்தார் என்பர்.

உயிர்கள் யாவும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது புத்தர் நெறி. ஆதலால் ஒருவர் மட்டும் தனித்து இன்புறுதல் இயலாது என்று கென்ஜி கருதினார். இளைஞர் சிலர் கூடிக் கூட்டுறவுத் தொழில் தொடங்குவதை அவர் கதையொன்றில் அமைத்தார். ‘போலானோ சதுக்கம்’ எனும் அக்கதை அவர் மறைந்தபின் 1934இல் வெளிவந்தது.

சங்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. செல்வர் மகனின் விளையாட்டு இது என்று ஐயுற்றோர் இருந்தனர். 1927இல் காவலரும் விசாரித்தனர். மறு ஆண்டுக் கோடையில், பயிர்களைக் காக்க ஊர் ஊராக அலைந்த கென்ஜி நுரையீரல் நோயுற்றுப் படுத்தார். ஓரளவு தேறியதும் 1931இல், புளித்த மண்ணைத் திருத்தும் சுண்ணாம்புப் பொடி செய்யும் ஆலையிற் சேர்ந்து, அதனைப் பரப்ப உழைத்தார். நோய் மீண்டும் அவரைப் பற்றிக்கொண்டது.

1933ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் மாலை, உழவர் ஒருவர் உரம்பற்றிக் கேட்க வந்தார். உயிர் ஊசலாடிய நிலையிலும் கென்ஜி எழுந்து, உடை திருத்தி அமர்ந்து, நெடுநேரம் பொறுமையாக விடை கூறினார். மறுநாள் தமது 37ஆம் வயதில் மறைந்தார். தாமரைச் சூத்திரத்தை 1,000 படிகள் அச்சிட்டு வழங்குமாறு தந்தையாரிடம் வேண்டியதே அவர்தம் இறுதி விருப்பம்.

அவர் அமைத்த சங்கம் மறைந்தது. அவர் காட்டிய நெறி மறையவில்லை. வழிபாடு ஒருபுறமும் வாழ்வு ஒருபுறமுமாகப் பிரியாமல், பிறர் பசி தீர்க்க உழைப்பதையே தவமாகக் கொள்ளுதல் அந்நெறியாகும்.