லெனார்டு டி. வைட்

லெனார்டு டி. வைட் (ஜனவரி 17, 1891 – பெப்ரவரி 23, 1958) ஐக்கிய அமெரிக்க அரசறிவியலாளரும் நிர்வாக வரலாற்றாசிரியரும் ஆவார். பொது நிர்வாகவியல் பல்கலைக்கழகங்களில் தனித் துறையாக நிலைபெறக் காரணமானவர்களுள் முக்கியமானவர்.

வாழ்க்கை

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியில் பயின்றார். 1920 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு பணியாற்றினார்.

பாடநூல்

1926 இல் இவர் எழுதிய பொது நிர்வாக அறிமுக நூல் அத்துறையின் முதல் பாடநூலாகக் கருதப்படுகிறது. அதுவரை அரசு அலுவலகங்களைப் பற்றிய படிப்பு பெரும்பாலும் சட்டப் படிப்பின் பகுதியாகவே இருந்தது. நிர்வாகத்தைச் சட்டத்திலிருந்து அன்றி மேலாண்மையிலிருந்து அணுக வேண்டும் என்றும், நகராட்சி முதல் நடுவண் அரசு வரை நிர்வாகம் ஒரே தன்மையுடைய செயல்முறை என்றும் வைட் கருதினார். அது இன்னும் ஒரு கலையே, ஆனால் அறிவியலாக மாறி வருகிறது என்பதும் அவர் கருத்து. 1940களில் எர்பர்ட் சைமனும் டுவைட் வால்டோவும் இத்தகைய அடிப்படைகளைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கினர். எனினும் இந்தியப் பாடநூல்கள் உட்படப் பலவற்றில் வைட்டின் வரையறை இன்றும் இடம்பெறுகிறது.

அரசுப் பணி

1934 முதல் 1937 வரை நடுவண் குடிசார் பணி ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார். ஏட்டில் எழுதியதை அலுவலகத்தில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அது. பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க அப்போது தொடங்கப்பட்ட புதிய அமைப்புகள் பலவற்றில் தகுதித் தேர்வு இன்றியே ஆட்கள் நியமிக்கப்பட்டனர். அமெரிக்கத் தேர்வுகளோ குறிப்பிட்ட வேலைக்குரிய தனித் திறனையே சோதித்தன. பிரித்தானியக் குடிசார் பணியை ஆராய்ந்திருந்த வைட், பொதுக் கல்வி கற்ற பட்டதாரிகளும் அரசுப் பணியில் நுழைவதற்கான தேர்வு 1934 இல் தொடங்கப்படத் துணைநின்றார்.

வரலாற்று நூல்கள்

இறுதிப் பத்தாண்டுகளில் வரலாற்றின் பக்கம் திரும்பினார். 1948, 1951, 1954, 1958 ஆகிய ஆண்டுகளில் வெளியான நான்கு நூல்கள், 1789 முதல் 1901 வரையான நடுவண் நிர்வாகத்தை விவரிக்கின்றன (உள்நாட்டுப் போர்க்காலம் இவற்றில் இல்லை). குடியரசுத் தலைவர்களின் பெருமையைப் பாடாமல், கருவூலம், அஞ்சல் துறை போன்றவை அன்றாடம் எவ்வாறு இயங்கின என்பதைக் கூறுவதே இவற்றின் சிறப்பு. கட்சிக்காரர்களுக்குப் பதவிகளைப் பங்கிட்ட ஜாக்சன் காலத்தையும் வெறும் சீர்கேடாக அவர் ஒதுக்கவில்லை; அதே காலத்தில் அஞ்சல் துறையில் நடந்த சீரமைப்பையும் பதிவு செய்தார். அந்நூலுக்கு 1955 இல் பான்கிராஃப்ட் பரிசு கிடைத்தது. ஜீன் சினைடரின் உதவியுடன் எழுதிய நான்காம் நூலுக்கு 1959 இல், வைட் இறந்த பின்னர், வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது.