ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து வகுப்பறைக்கு: தாட்சாயணி வேலாயுதன்

அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற 15 பெண்களுள் ஒரே தலித் பெண் என்றே தாட்சாயணி வேலாயுதனை நாம் நினைவுகூர்கிறோம். அவர் பத்து ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. சட்டமன்றத்துக்கும் நிர்ணய சபைக்கும் முன்பு அவருடைய பொதுவாழ்வு வகுப்பறையில்தான் தொடங்கியது.

கொச்சியை அடுத்த முளவுகாடு தீவில், புலையர் குடும்பமொன்றில், 1912 ஜூலை 4 அன்று அவர் பிறந்தார். புலையர் பொது வழியில் நடப்பதும், புலையர் பெண்கள் மேலாடை அணிவதும் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. 1913இல், கூட்டம் நடத்தத் தரையில் இடம் மறுக்கப்பட்டதால், கொச்சிப் புலையர்கள் காயலில் படகுகளைப் பிணைத்து அவற்றின்மேல் ஒன்றுகூடினர். அந்த இயக்கத்தில் தாட்சாயணியின் குடும்பத்தார் முன்நின்றனர். குழந்தைக்கு இட்ட பெயரும் ஒரு மீறல்தான். அழகி, சக்கி, காளி, குறும்பா என்பன போன்ற பெயர்களே புலையர் பெண்களுக்கு வழங்கிவந்தன. தாட்சாயணி என்ற பெயரை மேல்சாதியார் தங்களுக்கே உரியதாக எண்ணியிருந்தனர்.

கொச்சி அரசின் உதவித்தொகையில் படித்து, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அங்கே சாதி ஆய்வகத்துக்குள் வந்து நின்றது. மேல்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்துகாட்ட மறுத்தார். மற்றவர்கள் செய்வதைத் தொலைவிலிருந்து பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். வேதியியல் கையால் செய்து பழக வேண்டிய பாடம். கண்ணால் மட்டும் அதைப் பயின்று தேறுவது எத்தகைய உழைப்பைக் கேட்டிருக்கும் என்பதை அறிவியல் மாணவர்கள் உணர்வார்கள். 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி என்று அவர் பரவலாகக் குறிப்பிடப்படுகிறார்.

அதே ஆண்டு அரசுப் பள்ளிப் பணியில் சேர்ந்தார். பட்டமும் வேலையும் கையில் இருந்தும் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. கொச்சிக் கல்லூரிகள் அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை முடித்தார். ஆசிரியர் பயிற்சி பெண்ணுக்குப் பாதுகாப்பான படிப்பு என்று இன்றும் நம் வீடுகளில் சொல்வதுண்டு. தாட்சாயணியின் தேர்வை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பாடத்தைச் செய்துகாட்ட மறுக்கப்பட்ட ஒருவர், பிறருக்குச் செய்துகாட்டும் தகுதியைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே சான்றாகப் பெற்றார். உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி பெற்ற பட்டதாரிக்கு இருக்கும் இடமும் பயிற்சியற்றவருக்கு இருக்கும் இடமும் ஒன்றல்ல. தகுதி போதாது என்ற சொல்லைத் தன்மீது எவரும் வீசாதபடி அந்த வழியையும் அவர் அடைத்தார்.

இதற்குப் பின்னால் உதவித்தொகை இருந்தது என்பதை மறக்கலாகாது. ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுகளாகிவிட்டது. கூடுதலான அந்த ஓராண்டின் கட்டணமும், அந்த ஓராண்டில் வீட்டுக்கு வராமற்போகும் வருமானமும், முதல் தலைமுறைப் பட்டதாரியின் குடும்பத்தை எப்படி அழுத்தும் என்பதைப் பேசாமல் அவருடைய சாதனையை மட்டும் கொண்டாடுவது பாதி உண்மையே.

1945 வரை திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கற்பித்தார். பதவி சாதியை விரட்டிவிடவில்லை. ஆசிரியையான பின்பும் தீண்டாமையை அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. 1940இல் சேவாகிராமத்தில், காந்தியும் கஸ்தூர்பாவும் முன்னிலை வகிக்க, ஆர். வேலாயுதனை மணந்தார். 1945இல் கொச்சிச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 34.

சபையில் அவர் தனி வாக்காளர் தொகுதி முறையை எதிர்த்தார். நம்மில் பலருக்கு இதில் உடன்பாடு இருக்காது, எனக்கும் இல்லை. தனி ஏற்பாடு ஒன்றின் துணையால் படித்து வந்தவர், அரசியலில் தனி ஏற்பாட்டை ஏற்க மறுத்தது விவாதத்துக்குரியது. ஆனால் 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது அவர் பேசியது வேறொரு தளத்தில் அமைந்தது. சட்டம் எழுதப்படுவதால் மட்டும் அது நடைமுறைக்கு வந்துவிடாது, வருங்காலத்தில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கும் என்ற பொருள்படப் பேசினார். பத்து ஆண்டுகள் சிறுவர்களுக்குக் கற்பித்தவரின் கவலை அதில் தெரிகிறது.

1977இல் தில்லியில் மகிளா ஜாக்ருதி பரிஷத் என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜூலை 20 அன்று காலமானார்.