உழைப்பில் எழுந்த கல்விக்கூடம்

நுழையும்முன்

கையால் செய்யும் தொழில் தாழ்ந்தது. அத்தொழிலிலிருந்து விடுபடுவதற்கான வழியே கல்வி என்னும் எண்ணம் உலகின் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. அடிமையாகப் பிறந்த ஒருவர் அவ்வெண்ணத்தை எதிர்த்து நின்றார். ஏட்டுக்கல்வியையும் உடலுழைப்பையும் ஒரே கூரையின்கீழ் இணைத்து, அக்கூரையையும் மாணவர் கைகளாலேயே எழுப்பச் செய்தார். அமெரிக்க நாட்டின் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் வாழ்வு, உழைப்பின் மதிப்பை உணர்த்தும் வரலாறாகும்.

அடிமைக் குடிலில்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிராங்க்ளின் வட்டாரத்திலிருந்த புகையிலைப் பண்ணை ஒன்றில் 1856ஆம் ஆண்டு புக்கர் பிறந்தார். தாய் ஜேன், பண்ணையின் சமையற்பணியாளர். மரக்கட்டைகளால் ஆன ஓரறைக் குடிலே பண்ணையின் அடுக்களை. அதுவே அக்குடும்பத்தின் வீடு. சாளரங்களுக்குக் கண்ணாடி இல்லை. தரை வெறும் மண். தரையின் நடுவே பலகையால் மூடப்பட்டிருந்த குழி ஒன்றில், குளிர்காலத்திற்கென்று சர்க்கரைவள்ளிக் கிழங்குகள் சேமிக்கப்பட்டன.

புக்கருக்கு விளையாட்டுப் பருவம் என ஒன்று இருந்ததில்லை. முற்றம் பெருக்குதல், வயலில் உழைப்போருக்குத் தண்ணீர் சுமத்தல், குதிரையின்மீது சோள மூட்டையை ஏற்றிக்கொண்டு தொலைவிலிருந்த மாவரைக்கும் ஆலைக்குச் செல்லுதல் ஆகியன அச்சிறுவனின் பணிகள். வழியில் மூட்டை சரிந்து விழுந்துவிட்டால் அதைத் தூக்கிவைக்கும் வலிமை அவனுக்கு இல்லை. யாரேனும் அவ்வழியே வரும்வரை மணிக்கணக்கில் அழுதுகொண்டு காத்திருப்பான். பண்ணையாரின் மகளுக்குப் புத்தகம் சுமந்து பள்ளியின் வாயில்வரை செல்வதுண்டு. உள்ளே நுழைய அவனுக்கு உரிமை இல்லை. படிக்கும் பிள்ளைகள் நிறைந்த அவ்வறை அவன் கண்ணுக்குச் சொர்க்கமாகத் தோன்றியது.

அடிமைமுறை உழைப்பவரை மட்டும் வாட்டவில்லை, உழைப்பையே இழிவாக்கியது. உழைத்தவர்க்கு அதன் பயனில் பங்கில்லை. ஆதலால் வேலையைச் செம்மையாகச் செய்யவேண்டும் என்னும் ஆர்வம் அவரிடம் எழவில்லை. பயனைப் பெற்ற உரிமையாளரின் பிள்ளைகளோ வேலி கட்டவும் கதவைச் செப்பனிடவும் அறியாமல் வளர்ந்தனர். கையால் உழைப்பது அடிமைக்குரியது என்னும் எண்ணம் இருதரப்பாரிடமும் படிந்தது. இவ்வுண்மையைப் புக்கர் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் விரிவாக எடுத்துரைத்தார்.

உப்பு உலையும் எழுத்தும்

1865ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிவுற்று விடுதலை வந்தது. பண்ணை வீட்டின்முன் அடிமைகள் அனைவரும் கூட்டப்பட்டு, விடுதலை அறிவிப்பு படிக்கப்பட்டது. ஜேன் தம் பிள்ளைகளை முத்தமிட்டுக் கண்ணீர் பெருக்கினார். பின்னர் அக்குடும்பம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊரில் குடியேறியது.

மாற்றாந்தந்தை அவ்வூரின் உப்புக் காய்ச்சும் உலைகளில் பணிபுரிந்தார். ஒன்பது வயதளவிலேயே புக்கரும் அங்கு வேலைக்குச் சென்றார். உப்பைப் பீப்பாய்களில் நிரப்புவோர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. மாற்றாந்தந்தைக்கு உரிய எண் 18. நாள்தோறும் பீப்பாய்களின்மீது எழுதப்பட்ட அவ்வெண்ணே புக்கர் கற்ற முதல் எழுத்து. எழுத்தறியாத தாய் எங்கிருந்தோ ஓர் எழுத்துக்கூட்டுப் புத்தகத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். அதனைத் துணையாகக் கொண்டு, ஆசிரியர் எவருமின்றி எழுத்துகளைப் பெரும்பாலும் தாமே கற்றார்.

ஊரில் பள்ளி தொடங்கியபோது, விடியலில் வேலைக்குச் சென்று ஒன்பது மணிவரை உழைத்தபின் படிக்கலாம் என வீட்டில் இசைவு கிடைத்தது. பள்ளியும் ஒன்பது மணிக்கே தொடங்கியதால் நாள்தோறும் காலந்தாழ்ந்தது. அலுவலறைக் கடிகாரத்தின் முள்ளை அரைமணி நேரம் முன்னே தள்ளிவைத்துவிட்டுச் சிறுவன் பள்ளிக்கு ஓடினான். பலநாள் இவ்வாறு நிகழ்ந்தபின், மேலாளர் கடிகாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். செய்தது பிழையே என்பதைப் புக்கர் பின்னாளில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பள்ளியில் பெயர் கேட்கப்பட்டபோது மற்றவர்க்கெல்லாம் இரு பெயர்கள் இருப்பதைக் கண்டு, வாஷிங்டன் என்பதைத் தம் பெயரோடு தாமே சேர்த்துக்கொண்டார்.

துடைப்பம் தந்த தேர்ச்சி

பின்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் பணிபுரிந்தபோது, இரு தொழிலாளர்கள் ஹாம்ப்டன் என்னும் கல்விநிலையத்தைப் பற்றி உரையாடியது புக்கரின் செவியில் விழுந்தது. ஏழை மாணவர் உழைத்துப் பொருளீட்டியவாறே அங்குப் படிக்கலாம் என அறிந்தபோதே, அங்குச் செல்வதெனத் துணிந்தார். அதற்குமுன் சுரங்க உரிமையாளரின் மனைவி வயோலா ரஃப்னரிடம் வீட்டுவேலைக்குச் சேர்ந்தார். தூய்மை, ஒழுங்கு, காலந்தவறாமை ஆகியவற்றில் மிகக் கண்டிப்பானவர் அப்பெண்மணி. அவரிடம் பெற்ற பயிற்சி எந்தக் கல்விக்கும் குறைந்ததன்று எனப் புக்கர் பிற்காலத்தில் மதிப்பிட்டார்.

1872ஆம் ஆண்டு அவர் ஹாம்ப்டனுக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 500 மைல் பயணம். ரிச்மண்ட் நகரை அடைந்தபோது கையிலிருந்த பணம் முற்றிலும் தீர்ந்துவிட்டது. மரப்பலகைகளால் அமைந்த நடைபாதையின் அடியில், துணிப்பையைத் தலையணையாக்கித் தரையில் உறங்கினார். பகலில் ஒரு கப்பலிலிருந்து இரும்புக் கட்டிகளை இறக்கும் வேலை கிடைத்தது. அக்கூலியைச் சிறுகச் சேர்த்து, ஹாம்ப்டனைச் சென்றடைந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தது 50 சென்ட் மட்டுமே.

அழுக்கேறிய உடையும் வாடிய முகமுமாக நின்ற இளைஞரைத் தலைமை ஆசிரியை மேரி மேக்கி உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. சில மணிநேரம் கழித்து, அருகிலிருந்த வகுப்பறையைப் பெருக்குமாறு கூறினார். புக்கர் அவ்வறையை மும்முறை பெருக்கினார். மேசை, இருக்கை, சுவர்ப்பலகை அனைத்தையும் நான்குமுறை துடைத்தார். ஆசிரியை தம் கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். தூசு சிறிதும் ஒட்டவில்லை. புக்கருக்கு இடம் கிடைத்தது. கல்லூரியின் நுழைவுத்தேர்வை அவர் துடைப்பத்தைக் கொண்டே எழுதினார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அறைகளில் கணப்பு மூட்டியும், அறைகளைப் பெருக்கியும் தம் உணவுச் செலவை ஈடுகட்டினார். 1875இல் படிப்பை நிறைவு செய்தார்.

குடையின்கீழ் ஒரு பள்ளி

1881ஆம் ஆண்டு, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் சிற்றூரில் கறுப்பின ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியை நடத்த வாஷிங்டன் அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அரசு ஆண்டுதோறும் 2,000 டாலர் வழங்கியது. அத்தொகை ஊதியத்திற்கு மட்டுமே உரியது. நிலமோ கட்டடமோ இல்லை. தேவாலயம் ஒன்றையும் அதன் அருகிலிருந்த பாழடைந்த குடிசையையும் கேட்டுப் பெற்று, சூலை 4ஆம் நாள் 30 மாணவர்களுடன் பள்ளியைத் தொடங்கினார். மழை பெய்தபோது கூரை ஒழுகியதால், அவர் நனையாமல் பாடம் நடத்துவதற்கு மாணவர் ஒருவர் குடைபிடித்து நிற்க வேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட பண்ணை ஒன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. பாதித் தொகையை ஹாம்ப்டன் கல்விநிலையத்தின் பொருளாளரிடம் கடன் பெற்றுச் செலுத்தினார். குதிரைக் கொட்டிலும் கோழிக்கூண்டும் தூய்மை செய்யப்பட்டு வகுப்பறைகளாயின. அடுத்து, காடு திருத்திப் பயிர்செய்ய வேண்டும். மாணவர்களுள் பலர் முன்னரே ஆசிரியர்களாக இருந்தவர்கள். நிலம் திருத்துவதற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என அவர்கள் தயங்கினர். வாஷிங்டன் விளக்கவுரை நிகழ்த்தவில்லை. நாள்தோறும் வகுப்பு முடிந்ததும் கோடரியைத் தோளில் சுமந்து காட்டை நோக்கி நடந்தார். ஆசிரியரே மரம் வெட்டுவதைக் கண்ட மாணவர்களின் தயக்கம் அகன்றது. ஏறக்குறைய 20 ஏக்கர் நிலம் திருத்தப்பட்டது.

பெற்றோரின் எதிர்ப்பு எளிதில் அடங்கவில்லை. தம் பிள்ளைகளுக்குப் புத்தகம் மட்டுமே கற்பிக்கவேண்டும் என மடல் எழுதினர். சிலர் நேரில் வந்து முறையிட்டனர். புத்தகம் பெரிதாக இருக்க வேண்டும். பாடத்தின் பெயரும் நீண்டிருக்க வேண்டும். அதுவே உயர்ந்த கல்வி என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணத்தின் பின்னே பல தலைமுறைகளின் வேதனை இருந்தது. சவுக்கடிக்கு அஞ்சி உழைத்தவர்கள், தம் மக்கள் உழைக்காமல் வாழ விரும்பியதில் வியப்பில்லை. பிறரால் வேலை வாங்கப்படுவது வேறு. தாமே விரும்பி உழைப்பது வேறு என்பதை, வாஷிங்டன் மாநிலம் முழுவதும் பயணம் செய்து அவர்களுக்கு உணர்த்தினார்.

நான்காவது சூளை

பள்ளிக்குக் கட்டடம் தேவை. கட்டடத்திற்குச் செங்கல் தேவை. ஊரில் செங்கல் சூளை இல்லை. மாணவர்களைக் கொண்டே செங்கல் அறுக்க வாஷிங்டன் முடிவெடுத்தார். தக்க களிமண்ணுக்காகப் பல இடங்களில் தோண்டிப் பார்த்தனர். முழங்கால் அளவு சேற்றில் மணிக்கணக்கில் நின்று மண் குழைப்பதை வெறுத்துச் சில மாணவர்கள் பள்ளியைவிட்டே சென்றனர்.

எஞ்சியோர் ஏறக்குறைய 25,000 கற்களை அறுத்துச் சூளையில் அடுக்கி நெருப்பிட்டனர். சூளை சரியாக அமைக்கப்படாமையால் கற்கள் வேகவில்லை. இரண்டாவது சூளையும் வீணாயிற்று. மூன்றாவது சூளைக்கு ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து உழைத்தனர். கற்கள் வேக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் முடியும் தறுவாயில், நள்ளிரவில் சூளை சரிந்து விழுந்தது.

மேலும் முயல்வதற்குக் கையில் ஒரு டாலரும் இல்லை. முயற்சியைக் கைவிடுமாறு ஆசிரியர்கள் பலர் கூறினர். வாஷிங்டன் தம் கடிகாரத்தை மாண்ட்கமரி நகருக்கு எடுத்துச் சென்று 15 டாலருக்கு அடகு வைத்தார். அப்பணத்தைக் கொண்டு, ஊக்கமிழந்திருந்தோரை ஒன்றுதிரட்டி நான்காவது சூளையை அமைத்தார். கற்கள் செம்மையாக வெந்தன. கடிகாரத்தை உரிய காலத்தில் மீட்க முடியவில்லை. அதனை இழந்ததற்காக அவர் ஒருநாளும் வருந்தவில்லை.

செங்கற்களின் தரத்தை அறிந்து, பள்ளியின்பால் பற்றில்லாத வெள்ளையர்களும் விலைக்கு வாங்க வந்தனர். ஊராருக்குத் தேவையான பொருளை ஆக்கித் தருவோரை ஊர் மதிக்கத் தொடங்கியது. 1900ஆம் ஆண்டளவில் ஒரு பருவத்தில் 12 இலட்சம் செங்கற்களை மாணவர்கள் உருவாக்கினர். பள்ளியின் முதல் 19 ஆண்டுகளில் எழுந்த 40 கட்டடங்களுள் நான்கைத் தவிர ஏனையவை பெரும்பாலும் மாணவர் உழைப்பால் ஆனவை. புதிய மாணவர் எவரேனும் சுவரில் கிறுக்க முயன்றால், அது தாம் கட்டிய கட்டடம் எனக் கூறி மூத்த மாணவர்கள் தடுப்பது வழக்கமாயிற்று.

தெரிந்து தெளிவோம்

வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, வேளாண் அறிவியலறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் டஸ்கீகிக்கு வந்தார். எறியப்பட்ட புட்டிகளையும் பழைய கலங்களையும் மாணவர்களோடு திரட்டித் தம் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பருத்தியால் வளமிழந்த நிலத்தில் நிலக்கடலை முதலியவற்றை மாற்றிப் பயிரிடக் கற்பித்தார். 1906 முதல், வேளாண் கருவிகளை ஏற்றிய வண்டி ஒன்று உழவர்களைத் தேடிச் சென்று பாடம் நடத்தியது.

உழைப்பும் உரிமையும்

1895ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையால் வாஷிங்டன் நாடறிந்த தலைவரானார். கறுப்பினத்தவர் முதலில் தொழில்திறத்தாலும் பொருள்வளத்தாலும் உயரவேண்டும். உரிமைகள் படிப்படியாக வந்துசேரும் என்பது அவ்வுரையின் சாரம். தென்மாநிலங்கள் கறுப்பினத்தவரின் வாக்குரிமையை ஒவ்வொன்றாகப் பறித்துவந்த காலம் அது. அறிஞர் டு பாய்ஸ் 1903இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை வன்மையாக மறுத்தார். வாக்குரிமையும் உயர்கல்வியும் இன்றி, உழைப்பால் ஈட்டிய பொருளைக்கூடக் காத்துக்கொள்ள இயலாது என்பது அவர் வாதம்.

வரலாறு அவ்வாதத்தின் வலிமையை மெய்ப்பித்தது. உழைப்பு மனிதனுக்குத் தன்மதிப்பைத் தரும். ஆனால், அநீதியான சட்டத்தைத் தானாக மாற்றாது. வாஷிங்டனும் இதனை அறியாதவரல்லர். வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு அவர் மறைவாகப் பொருளுதவி செய்துவந்தார் என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. உழைக்கும் கையும் உரிமை கேட்கும் குரலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே இவ்விருவரின் வாழ்வும் சேர்ந்து உணர்த்தும் பாடமாகும்.

நிலைத்த புகழ்

1896இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வாஷிங்டனுக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. 1901இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு உலகெங்கும் வாசிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காந்தியடிகள் 1903ஆம் ஆண்டு தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வாஷிங்டனின் வாழ்வைப் பாராட்டி எழுதினார். அடுத்த ஆண்டில் அவர் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பிலும் உடலுழைப்பு அனைவருக்கும் உரிய கடமையாக இருந்தது.

1915ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் வாஷிங்டன் டஸ்கீகியில் இயற்கை எய்தினார். ஒழுகும் குடிசையில் 30 பேருடன் தொடங்கிய பள்ளியில் அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் ஏறத்தாழ 1,500 மாணவர்களும் இருந்தனர். அவ்வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இயந்திரங்கள் பெருகிய இக்காலத்திலும் வீட்டைக் கட்டுவோரும் வீதியைத் தூய்மை செய்வோரும் பயிரை விளைவிப்போரும் இன்றி ஒருநாளும் கழிவதில்லை. அவர்களுடைய பணியைத் தாழ்வாகக் கருதும் கல்வி முழுமை பெறாத கல்வியே. ஓர் அறையை நான்குமுறை துடைத்த இளைஞரும், சரிந்த சூளையின்முன் மனந்தளராது நின்ற ஆசிரியரும் ஒருவரே. எந்தப் பணியையும் செம்மையாகச் செய்வதே அப்பணிக்கும், அதைச் செய்பவருக்கும் பெருமை சேர்க்கும் என்பதை அவர் தம் வாழ்வால் நிலைநாட்டினார்.